பத்து சுட்டுவிட்டுப் பேசுங்கள்

போன இதழில் ஒரு வரி எழுதினேன்: வேட்டைத் துப்பாக்கிக்கான தோட்டாவைத் தன் வீட்டு மேசையிலேயே மருந்து அடைத்து, குறி பிசகாமல் சுடுவது வெளிநாட்டில் பலருக்குப் பொழுதுபோக்கு என்று. அதற்கு இத்தனை தபால். தண்டலத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் எல்லா டூல் ரூமிலும் அந்தப் பக்கத்தை ஒட்டி வைத்திருப்பார்கள் போல.

கே: அண்ணே, நாங்க லேத்துல மைக்ரான் பிடிக்கிறவங்க. ஒரு தோட்டா செய்ய முடியாதா?
(சி.என்.சி. ஆபரேட்டர், ஒரகடம்)

ப: தாராளமாக முடியும் தம்பி. உரிமம் இல்லாமல் செய்தால் குறைந்தது ஏழு வருஷம் சாப்பாடும் தங்குமிடமும் அரசாங்கச் செலவு; அதிகபட்சம் ஆயுள். 1959 ஆயுதச் சட்டத்தில் 2019-ல் கொண்டுவந்த திருத்தம் இது. இன்னொரு வேடிக்கை: தோட்டாவின் பாகங்களும் தோட்டா செய்யும் இயந்திரமும்கூட அந்தச் சட்டத்தின் கண்ணில் 'தோட்டா'தான். உங்கள் லேத்துக்கு அந்தப் பெயர் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

கே: கடையில் விற்கும்போது எதற்கு மெனக்கெட்டுக் கையால் அடைக்கிறார்கள்?
(இருங்காட்டுக்கோட்டை வாசகி)

ப: ரெடிமேட் பிளவுஸ் இருக்கும்போது நீங்கள் ஏன் டெய்லரிடம் போகிறீர்கள்? அதேதான். கம்பெனித் தோட்டா அந்த அளவுத் துப்பாக்கி எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும்; அதனால் எதற்கும் கச்சிதமாக இருக்காது.

தோட்டாவில் நான்கே சாமான்கள்: பித்தளைக் கூடு, பின்பக்கத்துக் கேப்பு, மருந்து, முன்னால் குண்டு. கையால் அடைப்பவருக்கு ரகசியச் சூத்திரம் எதுவும் கிடையாது. முந்தைய தோட்டாவைப் போலவே அடுத்ததையும் செய்யத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மருந்தை 'கிரெய்ன்' கணக்கில் நிறுக்கிறார். ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம், நம் தட்டான் தராசில் ஏறக்குறைய அரைக் குன்றிமணி. கூட்டின் கழுத்தில் குண்டு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று உருட்டி, டயல் கேஜ் வைத்து ரன் அவுட் பார்க்கிறார். பிறகு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, சுட்டுப் பார்த்து, நோட்டில் எழுதுகிறார். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. உங்கள் வீட்டுக்காரர் கியூ.சி.யில் இருந்தால் கேளுங்கள், இதே புலம்பலைக் கேட்பீர்கள்.

மருந்தின் அளவைத் தங்கள் இஷ்டத்துக்கு ஏற்றுபவர்களும் உண்டு. கூட்டுக்குள் அழுத்தம் நேர்கோட்டில் ஏறாது, திடீரென்று எகிறும். அப்புறம் விரல்களை எண்ணிப் பார்க்க வேண்டியதுதான்.

கே: துப்பாக்கிக்காரர்கள் 'ஒரு மினிட்டுக்குள் விழுகிறது' என்கிறார்களே, அவ்வளவு நேரமா ஆகும்?
(படப்பை)

ப: அது கடிகார நிமிஷம் இல்லை, கோணம். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டர் தள்ளி அது 29 மி.மீ. அகலம்; பத்து ரூபாய் நாணயத்தைவிட இரண்டு மி.மீ. கூடுதல்.

கே: மூன்று குண்டும் ஒரே ஓட்டையில் விழுந்ததாக ஒருவர் வீடியோ போட்டிருக்கிறார். நம்பலாமா?
(லைன் இன்ஸ்பெக்டர், மாம்பாக்கம்)

ப: உங்கள் சப்ளையர் மூன்று பீஸ் காட்டி லாட் முழுக்க ஓ.கே. என்றால் கையெழுத்துப் போடுவீர்களா? அதே துப்பாக்கி, அதே தோட்டா, பத்து குண்டு சுடச் சொல்லுங்கள். மூன்று குண்டுகள் விழுந்த அகலத்தைவிடப் பத்து விழுந்த அகலம் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் வரும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. முதலிலேயே அது அப்படித்தான் இருந்தது, மூன்றில் தெரியவில்லை. கொஞ்ச சாம்பிளை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் பேசலாம் என்று 1908-ல் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் வில்லியம் கோசெட். வேலை பார்த்த இடம் டப்ளினில் கின்னஸ் பீர் கம்பெனி. நிதானமாக யோசிக்க எப்பேர்ப்பட்ட இடம் பாருங்கள்.

கே: நான் பிரஸ் ஷாப்பில் டை ஃபிட்டர். பித்தளைக் கூட்டை டீப் டிராவில்தானே இழுக்கிறார்கள்? விரிசல் விடாதா?
(சுங்குவார்சத்திரம்)

ப: ஐயா, இந்தத் தபால் கட்டிலேயே உருப்படியான கேள்வி உங்களுடையது. விட்டது. அதுவும் நம் நாட்டில்தான், வெள்ளைக்காரன் காலத்தில். மழைக்காலத்தில் போர் வேலை குறைவு என்று தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை விட்டு எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாத கூடுகள் தானாக வெடித்துக் கிடந்தன. பருவத்தோடு வருவதால் 'பருவ விரிசல்' என்று பெயர் வைத்தார்களே தவிர, காரணம் புரியவில்லை. 1921-ல்தான் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் மூவரும் குற்றவாளியைப் பிடித்தார்கள்: குதிரை மூத்திரத்து அம்மோனியா. அதற்கு உடந்தை, டையில் இழுக்கும்போது பித்தளைக்குள் தங்கிப்போன இறுக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் விரிசல்.

விரிசலுக்கு மருந்தும் உங்களுக்குத் தெரிந்ததே: சூடாக்கி இளக்கும் அனீலிங். அதன் அடையாளமாக ராணுவத் தோட்டாவின் கழுத்தில் நீலமும் ஊதாவுமாக ஒரு சூட்டுத் தழும்பு இருக்கும். அழுக்கு என்று நினைத்துத் துடைப்பவர்கள் உண்டு. கையால் அடைப்பவருக்கும் இதே தலைவலிதான். ஒரே கூட்டைத் திரும்பத் திரும்பச் சுட்டு, டையில் அமுக்கி எடுத்தால் கழுத்து விறைத்துப்போகும். ஒன்று குண்டை இறுக்கிப் பிடிக்கும், இன்னொன்று தளர விடும், வேகம் ஆளுக்கொன்றாக வரும். அதனால் கழுத்தை மட்டும் சூடாக்கி இளக்குகிறார்கள். அடிப்பாகம் இளகக் கூடாது. அழுத்தத்தைத் தாங்குவது அதுதான்.

கே: மே மாதம் எங்கள் பைக் சீட்டில் முட்டை பொரிக்கலாம். தோட்டா மருந்து வெயிலில் என்ன ஆகும்?
(தண்டலம் கல்லூரி மாணவர்)

ப: வேகமாக எரியும், அழுத்தம் ஏறும். குளிர்காலக் காலையில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த தோட்டா, சித்திரை மதியத்தில் வேறு இடத்தில் போய் விழும். அந்தக் கால கார்டைட் மருந்துக்கு இந்தக் குணம் ரொம்ப அதிகம். வெப்ப நாடுகளுக்கென்றே அளவு குறைத்து அடைத்த தோட்டாக்களை இங்கிலாந்துக் கம்பெனிகள் தனியாக விற்றன. கார்டைட்டைக் கண்டுபிடித்தவர்கள் ஏபலும் டிவாரும், 1889-ல். நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் கலந்த மாவில் வாசலினையும் சேர்த்து, இடியாப்பம் போலப் பிழிந்தார்கள். குழல் வழுக்கட்டும் என்று சேர்த்த வாசலின், மருந்து கெட்டுப்போகாமல் காப்பதிலேதான் கெட்டிக்காரத்தனம் காட்டியது. அந்த இடியாப்பத்தை நம் ஊரில் எங்கே பிழிந்தார்கள் தெரியுமா? நீலகிரியில், அருவங்காட்டில், 1904-லிருந்து. ஊட்டி ரயிலில் போகிறவர்கள் அந்த ஸ்டேஷனில் டீக்கு மட்டும் எட்டிப் பார்க்கிறார்கள். 2021 முதல் அந்தத் தொழிற்சாலை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ்.

கே: சர்க்கார் எதற்கு இதற்கெல்லாம் இவ்வளவு பயப்படுகிறது?
(குன்றத்தூர்)

ப: பழைய பயம். .450 அளவு வேட்டைத் துப்பாக்கிகளை 1907-ல் வெள்ளை அரசு இந்தியாவில் தடுத்தது. அந்தக் குண்டைக் கழற்றிப் பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கிக்கு அடைத்துவிடுவார்கள் என்ற கவலை. கைத்தோட்டாவைக் கண்டு ஒரு சாம்ராஜ்யமே பயந்திருக்கிறது! லண்டன் துப்பாக்கிக் கடைக்காரர்கள் அசரவில்லை; .465, .470 என்று புது அளவுகளை இறக்கிவிட்டார்கள். நம் ஊர் உரிமக்காரர்களிடம் இன்றும் .315 புழங்குவதற்கும் அதே மாதிரிக் கதைதான்: .303 அன்று ராணுவத்தின் அளவு.

கே: கென்னத் ஆண்டர்சன் எதனால் சுட்டார்?
(வல்லம்)

ப: .405 வின்செஸ்டர். தருமபுரி, சேலம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த அந்த மனிதருக்கு வேலை, பெங்களூரு விமானத் தொழிற்சாலையில் பிளானிங் மேனேஜர். புலி தாமதமாக வந்தால் யாரைத் திட்டியிருப்பாரோ.

கே: நாட்டுத் துப்பாக்கியும் கையால் அடைப்பதுதானே? அது ஏன் குறி தவறுகிறது?
(செம்பரம்பாக்கம்)

ப: ஒவ்வொரு வெடியும் கையால் அடைப்பதுதான், உண்மை. ஆனால் குழாய்க்குள் வரிப்பள்ளம் கிடையாது, குண்டு சுழலாது. உள்ளே போடும் பால்ரஸ் இருக்கிறதே, அது மைக்ரான் சுத்தமான உருண்டை. குழாயோ அதற்குப் பெரியப்பா சட்டை. தட்டித் தட்டி வெளியே வரும் குண்டு, கடைசித் தட்டு எந்தப் பக்கம் தள்ளியதோ, அங்கே போகும்.

கே: நெல்லைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகிறது. நல்ல தோட்டா ஒன்று இருந்தால்…
(விவசாயி, காஞ்சிபுரம் பக்கம்)

ப: தோட்டா இருந்தாலும் நீங்கள் சுட முடியாது ஐயா. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். சுடுவது வனத்துறை ஆட்கள் மட்டும். அவர்கள் வருவதற்குள் பன்றி அறுவடையை முடித்துவிடுகிறது என்ற உங்கள் அடுத்த வரியையும் படித்தேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கே: அப்படியானால் இந்த அறிவை வைத்துக்கொண்டு இங்கே என்னதான் செய்வது?
(பென்னலூர்)

ப: ஏர் ரைபிள். 4.5 மி.மீ. அளவு, 20 ஜூலுக்கு மிகாத சக்தி என்றால் உரிமம் வேண்டாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனது இதில்தான். 10 மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையில் பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ., பால்பாயின்ட் பேனா வைத்த புள்ளி. இங்கே மருந்து கிடையாது, அடைக்கவும் ஒன்றுமில்லை. ஆனாலும் நல்ல வீரர்கள் துப்பாக்கியைப் பிடிப்பானில் பூட்டி, குண்டுகளை லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்குப் பிடித்த லாட் கிடைத்ததும் மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள். .22 தோட்டா சுடுபவர்கள் இதற்காக ஜெர்மனிக்கே போகிறார்கள். அந்தத் தோட்டாவில் கேப்பு மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் மறுபடி அடைக்க வழியில்லை. செய்ய முடியாததைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கே: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களிடம் துப்பாக்கி உண்டா?
(தண்டலம், பெயர் வேண்டாம்)

ப: ஒரு ஏர் ரைபிள் இருக்கிறது. மூன்று குண்டு சுட்ட அட்டை கண்ணாடிச் சட்டத்தில் கூடத்தில் தொங்குகிறது. பத்து சுட்ட அட்டையைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டாயிற்று.