அஞ்சு நிமிசத் தீர்ப்பு

வாங்க எச்.எம். அய்யா, இப்படித் திண்ணையில உக்காருங்க. மோர் குடிக்கறீங்ளா? வாத்தியார் வண்டியில காத்தப் புடுங்குன கேசை அஞ்சே நிமிசத்துல முடிச்சுப்போட்டீங்கன்னு ஊரெல்லாம் பேச்சுங்க. எங்க வரப்புத் தகராறு பதினோரு வருசமா இழுக்குது. உங்ககிட்ட வந்திருக்கோணும்.

எப்படிங்க கண்டுபுடிச்சீங்க? கடைசி பெஞ்சு, அழுக்குச் சட்டை, அப்பன் குடிகாரன். அப்புறம் சாட்சி எதுக்குங்க! போன மாசம் ஜன்னல் ஒடைஞ்சப்பவும் அவந்தான், குழாய் ஒடைஞ்சப்பவும் அவந்தான். குழாய் ஒடைஞ்ச அன்னிக்கு அவன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு என்கூடக் கரட்டுல ஆடு ஓட்டிட்டு இருந்தானுங்க. பரவால்லீங்க, கேட்டிருந்தாத்தான சொல்லியிருப்பேன்.

மன்னிப்புக் கடுதாசியும் வாங்கிப்போட்டீங்களாமே. நகலை எனக்கு வாசிச்சுக் காட்டுனான். 'இனிவரும் காலங்களில் இத்தகைய ஒழுங்கீனச் செயலில் ஈடுபட மாட்டேன்'னு அச்சடிச்ச மாதிரி இருக்குது. ஒழுங்கீனம்னா என்னடான்னேன். முழிக்கறான். வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதுனானாம். ஒரு பிழை இல்லீங்க, அதுக்காவது மார்க்கு போடுங்க.

அப்புறம் டி.சி. கிழிச்சுருவேன்னு மெரட்டுனீங்களாம். எட்டாவது முடிக்கற வரைக்கும் எந்தப் புள்ளையையும் வெளிய தள்ளக் கூடாதுன்னு 2009லயே சட்டம் வந்துருச்சுன்னு எம்மருமவ சொல்றா. அடிக்கவும் கூடாதாம், மனசு நோகப் பண்ணவும் கூடாதாம். 16, 17ன்னு பிரிவு நம்பரோட சொல்றா. அவ உங்க பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கறாளுங்க. அதுல முக்காவாசிப் பேரு பெத்தவங்கதான் இருக்கோணுமாமே. கூட்டம் போட்டிருந்தா உங்களுக்கே சொல்லியிருப்பா. நீங்கதான் நோட்ட வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கறீங்களே.

நான் கைநாட்டு. அம்பது வருசமா ஆடு மேய்க்கறேன். சோளக்காட்டுல ஆடு பூந்துட்டா, அத அடிக்கறதுக்கு முந்தி வேலி எங்க பிரிஞ்சு கெடக்குதுன்னு பாப்போமுங்க. நீங்களும் பையனத் தனியாக் கூப்புட்டுக் கேளுங்க. நாலு வாத்தியார் சுத்தி நின்னா ரோசத்துக்கு எதையாவது சொல்லித் தொலைப்பான். செய்யாததையும் ஒத்துக்குவான். அந்த வாத்தியார்கிட்டயும் கேளுங்க, முந்தின நாள் வகுப்புல யாரு அப்பனப் பத்தி என்ன பேசுனாருன்னு. செஞ்சவன் நெசமாவே ஆப்புட்டா, கையில பம்பைக் குடுத்து, புடுங்குன காத்த அவனையே அடிக்க வெய்யுங்க. கடுதாசி எதுக்குங்க?

அந்தப் பையன் ரெண்டு நாளாப் பள்ளிக்கூடம் வரலீங்களே, எங்கேன்னு யாராச்சும் தேடுனீங்ளா? எம்பட பட்டியிலதான் இருக்கறான். நாளைக்குக் காலைல கூட்டிட்டு வாரேன்.

கூடவே எம்பேரனையும் கூட்டியாரேனுங்க. மொத பெஞ்சு, இஸ்திரிச் சட்டை. போன வருசம் நல்லொழுக்கத்துக்கு நீங்களே பரிசு குடுத்தீங்களே, அவந்தான். காத்தப் புடுங்குனது நாந்தான் தாத்தான்னு நேத்து ராத்திரி அழுதுட்டே சொன்னான். அவனுக்கும் அஞ்சு நிமிசந்தானுங்களா?