ஊமைவாள் விசாரம்

கொல்லும் ஆயுதங்களைப் பற்றி உலகத்தில் இயற்றப்பட்ட சாஸ்திரங்களுக்குக் கணக்கில்லை. வில்லுக்கும் வேலுக்கும், பீரங்கிக்கும் வெடிமருந்துக்கும் இலக்கணம் வகுத்த பண்டிதர்கள் தேசந்தோறும் தோன்றியிருக்கிறார்கள். ஆனால் எவரையும் கொல்லாததும், கொல்லும்படி எவ்வளவு வற்புறுத்தினாலும் ‘உம்ம்’ என்று ஓசையிட்டு நீல ஒளி காட்டியதோடு தன் கடமை முடிந்தது என்று அமைந்துவிடுவதுமான ஆயுதத்தை, அதற்குரிய மரியாதையோடு விசாரிக்க முன்வருவோர் மிக அரியர். அக்குறையை ஒருவாறு நிவர்த்தி செய்யும் பொருட்டு, திரைப்படங்களில் வரும் எதிர்கால ஆயுதங்களைப் போல நகல் செய்து, அந்த நகலின் வயிற்றுக்குள் விளக்கும் ஒலிக்கருவியும் பொருத்துகிற மேனாட்டு ரசிகர்களின் தொழிலை, அதிலும் தலைமையான ‘ஸ்டார் வார்ஸ்’ ஒளிவாளை முன்னிறுத்தி, இங்கே ஆராயப் புகுகிறோம்.

நம்முடைய சித்தாந்தத்தை முதலிலேயே ஸ்தாபித்துவிடுவது வாசகருக்கும் சௌகரியம். மூலத்தில் உள்ளதைப் பார்த்துச் செய்வது நகல் என்பது உலக வழக்கு. மூலத்தில் ஒருநாளும் இல்லாத குணங்களை நகலுக்குள் பிரயாசைப்பட்டுப் புகுத்தி, அதன்பின் அந்த நகலைப் பார்த்து ‘ஆகா, அசலைப் போலவே இருக்கிறது’ என்று நற்சான்று வழங்குவது இந்தத் துறைக்கே உரிய அதிசயம்.

மூலத்தின் உற்பத்தியை முதலில் காண்போம். 1977-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதி வெளியான அப்படத்துக்கு, லண்டனை அடுத்த எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் அரங்கப் பொருள்கள் சேகரித்தளித்த ரோஜர் கிறிஸ்டியன் என்பவர், பணமுடையும் கற்பனைவளமும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர் ஆகையால், கதாநாயகனின் வாளைத் தேடி எந்த ஆயுதசாலைக்கும் செல்லாமல், லண்டனில் புகைப்படச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குள் நுழைந்தார். அங்கே அவர் கண்டெடுத்தது, நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் இயங்கிய கிராஃப்ளெக்ஸ் கம்பெனி பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்காகச் செய்த பளிச்சொளி விளக்கின் கைப்பிடி. மூன்று பருத்த டார்ச் பாட்டரிகளை வயிற்றில் அடக்கி, வேண்டிய நொடியில் மின்னல் போன்ற வெளிச்சத்தை உமிழ்ந்த பளபளப்பான குழல். அதன் தலையிலிருந்த விளக்கை நீக்கி, பிடிக்கும் இடத்தில் கறுப்புப் பட்டைகளை வரிசையாக ஒட்டி, இடுப்பு வளையத்தில் ஒரு சட்டைப்பைக் கால்குலேட்டரின் சிவப்பு எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழ்த் துண்டைச் செருகியதும் வாள் தயாராயிற்று. விளக்காகப் பிறந்த ஒன்றினுள்ளிருந்து விளக்கையும் பாட்டரியையும் பிடுங்கி வாளாக்கினார்கள். அந்த வாளுக்குள் விளக்கையும் பாட்டரியையும் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க ரசிகர்கள் இன்றளவும் ராப்பகலாக உழைத்துவருகிறார்கள் என்பதை ஆராய்ச்சியாளர் கவனிக்க வேண்டும்.

முதுஞானி ஓபி-வான் கெனோபியின் வாளோ இதினும் விசித்திரமான பிறப்புடையது. ரோல்ஸ்-ராய்ஸ் ஜெட் எஞ்சினின் ஒரு குழாய், முதல் உலகப் போரில் துப்பாக்கி முனையிலிருந்து எய்யப்பட்ட ஒரு குண்டின் உடல், விமான இயந்திரத் துப்பாக்கியின் முன்மூக்கு, இவற்றோடு ஆர்மிட்டேஜ் ஷாங்ஸ் கம்பெனியார் செய்த தண்ணீர்க் குழாயின் திருகுபிடி. ஞானியின் திருக்கரத்தில் இருந்தது முக்கால் பங்கு யுத்தகளம், கால் பங்கு குளியலறை.

இவ்விரு வாள்களுக்கும் ஒளி கிடையாது. படப்பிடிப்பில் நடிகர்கள் ஏந்தியது, வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பும் ஸ்காட்ச்லைட் பட்டை ஒட்டிய வெறும் கோல். பிடிக்குள் ஒரு சிறு மோட்டாரை வைத்து அதைச் சுழலவிட்டு, காமிராவின் பக்கத்திலிருந்து அதன்மேல் விளக்கைப் பாய்ச்சி மின்னச் செய்ய முயன்றார்கள். மின்னியது போதாமையால், வினாடிக்கு 24 சட்டங்களாக ஓடும் படச்சுருளில் சட்டம் சட்டமாகச் சித்திரக்காரர்கள் அமர்ந்து கோலின்மேல் ஒளியைத் தீட்டும்படி ஆயிற்று.

ஒலியும் கிடையாது. அதைப் படைத்தவர் பென் பர்ட். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்த பழைய திரைப்பட ப்ரொஜெக்டர் ஒன்றின் மோட்டார் ரீங்காரத்தோடு, தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே பழுதான ஒலிவாங்கிக் கம்பி சென்றபோது எழுந்த இரைச்சலையும் கலந்து அவர் வாளுக்குக் குரல் கொடுத்தார். வீசும்போது குரல் ஏறியிறங்க வேண்டுமே என்று, அந்த ரீங்காரத்தை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, அதன்முன் ஒலிவாங்கியைக் கையில் பிடித்து வாள் போல் வீசி, விளைந்ததை மறுபடி பதிவு செய்தார். ஆகவே அண்டவெளி வீரர்களின் வாள் பேசுவது சினிமா இயந்திரத்தின் தொண்டையால். தன்னைப் படம் காட்டுகிற யந்திரத்தின் குரலிலேயே பேசுகிற ஆயுதம் வேறெந்தக் காவியத்திலும் இருக்குமோ என்பது சந்தேகமே.

இந்தக் குரல் படப்பிடிப்புத் தலத்தில் கேட்காதாகையால், நடிகர்களிடையே வாய்மொழி மரபு ஒன்று தோன்றியது. 1999-இல் வெளிவந்த ‘தி பாண்டம் மெனஸ்’ படத்துக்காக வாள் சுழற்றிய ஈவான் மக்கிரெகர், தம்மை அறியாமலே வாயால் ரீங்காரமிட்டுக்கொண்டு போரிட்டார் என்பதும், ‘சத்தத்தை நாங்கள் பிறகு சேர்த்துக்கொள்வோம்’ என்று டைரக்டர் ஜார்ஜ் லூகாஸ் அவருக்கு நினைவூட்ட நேர்ந்தது என்பதும் அந்நடிகரே மகிழ்ச்சியுடன் கூறியுள்ள செய்திகள். இம்மரபே ஆதிமரபு என்றும், சிறுவர் அனைவரும் இதில் பிறவித் தேர்ச்சி உடையவர்கள் என்றும், நகல் வாளுக்குள் ஒலியெழுப்பும் சவுண்ட் போர்டு என்பது வயது ஏறியவன் வெட்கத்தினால் தன் வாயை வாளின் அடிமுனைக்கு மாற்றிக்கொண்ட ஏற்பாடே என்றும் கொள்வது பொருந்தும்.

இனிப் பூர்வபட்சத்தார் கூறும் ஆட்சேபங்கள். வெற்றிடத்தில் ஒலி பரவாது என்பர் சிலர். ஒளி மூன்றடியில் நின்றுவிடாது என்பர் வேறு சிலர். இவர்கள் பௌதிகம் கற்றவர்கள். இவர்களை வணங்கி வழியனுப்பிவிடலாம். பழம்பொருள் காப்போரின் ஆட்சேபமே கனமானது. உண்மையான கிராஃப்ளெக்ஸ் கைப்பிடிகள் இனிமேல் பிறக்கப்போவதில்லை. ரசிகர்கள் அவற்றை வாங்கி அறுத்துத் துளையிட்டுக் கம்பி நுழைப்பதால் அசல் விளக்குகளும் அருகிவிட்டன, விலையும் ஏறிவிட்டது என்று பழைய காமிராக்காரர்கள் வருந்துகிறார்கள். இவ்வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காகவே புதிதாக வார்த்த நகற்குழல்கள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. நகல் செய்த ஒன்றின் நகலை அறுப்பதில் பாவம் இல்லை.

உட்பொருத்தும் கிரியைக்கு வருவோம். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையதால் 18650 என்றே பெயர் பெற்ற லித்தியம் பாட்டரி ஒன்று நடுவில் இருக்கும். அதனையொட்டி விரல் நீளத்துச் சவுண்ட் போர்டு. அதில் ஒலிகளைத் தாங்கிய மைக்ரோ எஸ்.டி. கார்டு, அடிமுனையில் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்பீக்கர். இந்த ஸ்பீக்கரின் முன்புறம் எழும் அலையும் பின்புறம் எழும் அலையும் ஒன்றையொன்று தின்றுவிடும் இயல்புடையன ஆதலின், பின்புறத்துக்கு ஒரு மூடிய அறை செய்யாமல் வைத்தவனுடைய வாள் பிரபஞ்சத்தை நடுக்குவதற்குப் பதிலாகக் கொசுவின் சுருதியில் முனகும். போர்டு உறங்கும்போதும் மின்சாரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சுமாகையால், சார்ஜ் செய்யும் துளையில் ஒரு முளையைச் செருகிப் பாட்டரியின் தொடர்பை அறுத்து வைப்பதும் இத்துறையில் நித்திய கர்மம்.

நிறத்தைப் பற்றி இங்கே ஒரு கிளைவிசாரணை அவசியமாகிறது. எல்.இ.டி. எனப்படும் சிறு விளக்குகளுள், கண்ணுக்குப் புலப்படும் சிவப்பு 1962-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் நிக் ஹோலோனியாக் கையில் பிறந்தது. பிரகாசமான நீலத்தையோ ஜப்பானின் நிச்சியா கம்பெனியில் ஷுஜி நாகமுரா 1993-இல்தான் வெளிக்கொணர்ந்தார். அதன்பொருட்டு அவருக்கும் அகாஸாகி, அமானோ என்னும் இருவருக்கும் 2014-இல் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. எனவே, படம் வெளியான ஆண்டிலேயே ஒரு ரசிகன் இச்சிறு விளக்குகளைக் கொண்டு வாள் செய்யத் துணிந்திருந்தால், வில்லன் டார்த் வேடரின் செவ்வாளைச் செய்திருக்கலாமேயன்றி, நாயகன் லூக்கின் நீலவாளுக்கு இன்னும் 16 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். அதர்மத்துக்கு விஞ்ஞானம் முந்தி உதவிற்று.

இன்னும் நுணுகினால் இவ்விஷயம் மேலும் கலக்கம் தருகிறது. சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3.2 வோல்ட் அளவில் வேண்டும். 3.7 வோல்ட் பாட்டரியிலிருந்து 20 மில்லி ஆம்பியர் செலுத்துவதாகக் கொண்டால், ஓமின் விதிப்படி செவ்விளக்குக்கு 85 ஓம் மின்தடையும், நீலவிளக்குக்கு 25 ஓம் மின்தடையும் தேவை. தீமையின் வழியில் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி மின்தடையில் வெப்பமாக வீணாகிறது என்று ஒழுக்கவாதிகள் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் பாட்டரி தளர்ந்து வோல்ட் குறையும் வேளையில் முதலில் மங்குவது நீலம், கடைசிவரை நின்று எரிவது சிவப்பு என்ற உண்மையையும் மறைக்க இயலாது.

பிற்கால வாள்களில் பிடிக்குள் ஒற்றை விளக்கை வைக்கும் முறை ஒதுங்கி, பாலிகார்பனேட் குழாயின் நீளம் முழுவதும் விளக்குப் புள்ளிகள் பதித்த நாடாவைச் செலுத்தும் முறை ஓங்கிற்று. மீட்டருக்கு 144 புள்ளி வீதம் முன்னும் பின்னுமாக இரு நாடாக்களை 90 சென்டிமீட்டர் வாளில் இட்டால் சுமார் 260 புள்ளிகள் ஆகும். முழு வெண்மையில் புள்ளிக்கு 60 மில்லி ஆம்பியர் என்ற ஏட்டுக்கணக்குப்படி மொத்தம் 15 ஆம்பியருக்கு மேல் வரும். அதனால் வெள்ளை வாள் விரும்புவோர் அடக்கமாக விரும்புவதே உத்தமம்.

வாளின் அறிவைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பும், அதிர்வை உணரும் ஆக்ஸிலரோமீட்டரும் போர்டின் மேல் அமர்ந்திருக்கின்றன. வீச்சின் வேகத்துக்கேற்ப இரண்டு ரீங்காரங்களை ஏற்றியும் இறக்கியும் கலந்து, பென் பர்ட் ஒலிவாங்கியை வீசிச் சாதித்ததைக் கைரோஸ்கோப் கணிதத்தால் சாதிக்கிறது; இது மெச்சத்தக்கதே. ஆக்ஸிலரோமீட்டரின் ஞானம் வேறு வகைப்பட்டது. பகைவனின் வாள் மோதினாலும், கதவு நிலை இடித்தாலும், மேசைமேல் மெல்ல வைத்தாலும் அது ஒரே போர்முழக்கத்தை எழுப்பி ஒரே மின்னலைக் காட்டும். ரிஷிகள் தவமிருந்து அடைந்த அபேத திருஷ்டியை இந்தச் சில்லு பிறவியிலேயே பெற்றிருக்கிறது.

ஒளிவாளை விட்டுத் துப்பாக்கிக்குச் சென்றால் தர்க்க சாஸ்திரமே திகைக்கும்படியான நிலை உண்டாகிறது. 1986-இல் வெளிவந்த ‘ஏலியன்ஸ்’ படத்தில் போர்வீரர்கள் ஏந்துவது, பழைய தாம்ஸன் இயந்திரத் துப்பாக்கியோடு வேறு துப்பாக்கிகளின் உறுப்புகளை இணைத்து இங்கிலாந்தில் ஒட்டுப்போட்ட ஆயுதம்; எஞ்சியுள்ள தோட்டாக்களின் தொகையைச் சிவப்பு எண்களில் காட்டும் சிறு பலகை அதன் பக்கவாட்டில் உண்டு. ரசிகன் இதற்கு நகல் செய்யும்போது ஒரு சில்லுக்குக் கணக்கு கற்பிக்கிறான். விசையை இழுக்குந்தோறும் எண் குறைகிறது, வெடியோசை எழுகிறது. எண் பூஜ்யத்தை அடைந்தபின் விசை ‘கிளிக்’ என்று மட்டும் சொல்லிச் சுடமறுக்கிறது. வெற்றுத் தோட்டாப்பெட்டியைக் கழற்றி அதே வெற்றுப்பெட்டியை மறுபடி மாட்டினால், துப்பாக்கி மனநிறைவோடு மீண்டும் சுடுகிறது.

தார்க்கிகர்கள் இன்மையை நான்காக வகுத்தார்கள். ஒரு பொருள் தோன்றுமுன் உள்ள இன்மை பிராகபாவம். தோன்றி அழிந்தபின் உள்ள இன்மை பிரத்வம்ஸாபாவம். ஒன்றில் மற்றொன்று இல்லாமை அன்யோன்யாபாவம். எக்காலத்தும் இல்லாமை அத்யந்தாபாவம். நகல் துப்பாக்கியின் தோட்டா முக்காலத்திலும் இல்லாதது. ஆகவே அதன் இன்மை அத்யந்தாபாவம் என்பதில் ஐயமில்லை. எனினும் எண் பூஜ்யமாகும் தருணத்தில் அது தீர்ந்துபோகிறது. தீர்ந்துபோனது பிரத்வம்ஸாபாவம் அன்றோ? ஒருபோதும் இராத ஒன்றைச் செலவழித்து முடிக்கலாம் என்று எந்த ஆசாரியரும் அனுமதித்ததில்லை. இரு இன்மைகளுக்கும் இடையே கடக்க முடியாதென்று கருதப்பட்ட அகழியை, ஒரு மைக்ரோகண்ட்ரோலரும் ஏழு கோடுகளால் எண் காட்டும் இரண்டு விளக்குகளும் தாண்டிவிட்டன. ஐந்தாவது அபாவம் ஒன்றை அங்கீகரித்து அதற்குப் பெயர் சூட்டுவது சாஸ்திரிகளின் பொறுப்பு.

இத்தனையும் நிகழ்ந்துகொண்டிருக்கையில் மூலமும் சும்மா இருக்கவில்லை. 2015-இல் வெளியான ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படப்பிடிப்பில், வாளொளி நடிகர்களின் முகத்திலும் பனியிலும் மெய்யாகவே படவேண்டும் என்று, உண்மையில் ஒளிரும் வாள்களையே கையாண்டார்கள். ரசிகர்கள் நகலுக்குள் எத்தனையோ ஆண்டுகளாகச் செய்துவந்ததை அசல் அப்போதுதான் கற்றுக்கொண்டது. ஆனால் ஒலி விஷயத்தில் அசலின் கல்வி இன்னும் முற்றுப்பெறவில்லை. 2017-இல் வந்த ‘தி லாஸ்ட் ஜெடாய்’ படத்தில், தளபதி வேடம் தாங்கிய லாரா டெர்ன் கைத்துப்பாக்கியைச் சுடுமிடத்தில், அவருடைய உதடுகள் தாமாகவே ‘பியூ’ என்று குவிவதைப் படத்திலேயே கூர்ந்து காணலாம். அது மரபு வழுவாத பிரயோகமா, கையிலிருந்த கருவியின் ஊமைத்தன்மையால் நேர்ந்ததா என்பதைப் பிற்காலத்து உரையாசிரியர்கள் தீர்மானிக்கட்டும். குறிலும் நெடிலும் இணைந்த சுத்தமான நிரையசை அது என்ற அளவே இப்போதைக்கு ஐயமறத் துணியத்தக்கது.