அடுத்த காம்பரா

கேள்வி: கொழுந்து நிறுக்கிற நேரம் வந்தாலே வயிறு கலக்குது. ‘எல்லாம் மனசுதான்’னு சொல்லி அனுப்பிட்டாங்க. அப்போ என் வலி பொய்யா?
– ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: தராசு முள்ளைப் பார்த்ததும் உள்ளங்கை வியர்க்கிறதே, அந்த வியர்வை பொய்யா?

மூளையும் வயிறும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்கள். இங்கே சண்டை என்றால் அங்கே தூக்கம் போச்சு. இரண்டுக்கும் நடுவே ஓடும் வேகஸ் நரம்பில், வயிற்றுப் பக்கமிருந்து மேலே போகிற சேதிதான் அதிகம்.

1822இல் துப்பாக்கிச் சூடு பட்டு, வயிற்றில் ஆறாத துளையோடு வாழ்ந்தார் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின். அந்தத் துளை வழியே இரைப்பைக்குள் எட்டிப் பார்த்த அமெரிக்க இராணுவ மருத்துவர் வில்லியம் பியூமன்ட், கோபம் வந்தால் செரிமானம் கெடுவதைக் கண்ணாலேயே கண்டு 1833இல் புத்தகமாக எழுதினார். நம் களனிப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது நிரங்கா தேவநாராயணவும் ஷமான் ராஜீந்திரஜித்தும் இலங்கைப் பிள்ளைகளின் வயிற்றுவலியை ஆராய்ந்தார்கள். வீட்டிலும் பாடசாலையிலும் மன அழுத்தம் பட்ட பிள்ளைகளிடம் அந்த வலி அதிகம்.

கிலோ குறைந்தால் அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளம்தான் தருவார்களோ என்ற பயத்தையும் டொக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் நோய்க்குறிதான். ஆனால் உடம்பு மெலிந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ மனசு என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.