நூறு ஜிபி ஆசை

கிளவுட் சர்வர் இமேஜுக்கு ரூட் ஃபைல் சிஸ்டம் எது நல்லது என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவேன். எல்லாவற்றிலும் மாட்டிக்கொண்டவன் என்பதுதான் என் தகுதி.

அனுமந்தையில் வீட்டிலிருந்தே வேலை. விழுப்புரத்தில் ஜிஎன்யு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமே!

முதலில் எக்ஸ்எஃப்எஸ். சிலிக்கான் கிராஃபிக்ஸ் 1990களில் தன் பெரிய மெஷின்களுக்காகச் செய்தது. 2014ல் ரெட்ஹாட் அதையே டீஃபால்ட் ஆக்கியது. பெரிய மனுஷங்க சமாச்சாரம் என்று இமேஜையே 100 ஜிபிக்குப் போட்டேன். உள்ளே இருந்த சரக்கு மூன்று ஜிபிகூட தேறாது.

பில்லைப் பார்த்ததும் குறைக்க உட்கார்ந்தேன். எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாதாம். இமேஜைவிடச் சின்ன டிஸ்க்கில் சர்வரைக் கிளப்பவும் விடமாட்டார்கள்.

பக்கத்து உப்பளத்து அண்ணனிடம் புலம்பினேன். "மழைக்காலத்துல அளம் சும்மாதான் கெடக்கும், நாங்களும் குத்தகை கட்டுறோம். ஆனா மழை வரும்னு தெரிஞ்சு கட்டுறோம் தம்பி" என்றார்.

இதில் கொடுமை, இமேஜைச் சின்னதாகச் செய்தால் போதும். முதல் பூட்டிலேயே கிளவுட்-இனிட் பார்ட்டிஷனை நீட்டி, ஃபைல் சிஸ்டத்தையும் டிஸ்க் அளவுக்கு விரித்துவிடும். யாரோ புண்ணியவான்கள் எழுதி, இமேஜிலேயே வைத்தும் இருந்தார்கள். நான் அதைத் தேவையில்லாத பாரம் என்று நீக்கியிருந்தேன்.

அடுத்து ஈஎக்ஸ்டி4. சுருக்கலாம் என்று போட்டிருந்ததால் எடுத்தேன். அன்மவுன்ட் செய்துவிட்டுத்தான் சுருக்க வேண்டும் என்று அடுத்த வரியில் இருந்தது. ஓடுகிற சர்வரின் ரூட்டை எங்கே போய் அன்மவுன்ட் செய்ய? அடுத்த வரியெல்லாம் யார் படிக்கிறார்கள்.

ஒருநாள் ராத்திரி, 'டிஸ்கில் இடமில்லை' என்று சர்வர் படுத்துவிட்டது. டிஎஃப் கமாண்ட் போட்டால் பாதிக்கு மேல் காலி. விடியும்வரை பெரிய பெரிய லாக்குகளாகத் தேடி அழித்தேன். காலி இடம் இன்னும் கூடியது, சர்வர் எழுந்திருக்கவில்லை.

டிஎஃப் பக்கத்தில் ஒரு சின்ன 'ஐ' போட்டிருந்தால் போதும். ஈஎக்ஸ்டி4ல் எத்தனை ஃபைல் வைக்கலாம் என்பது ஃபார்மேட் பண்ணும்போதே முடிவாகிவிடும். ஃபைலுக்கு ஒரு ஐநோடு வேண்டும், வழக்கமாக 16 கேபி இடத்துக்கு ஒன்றுதான் கிடைக்கும். நம் வெப்சைட்டோ துக்கடா துக்கடாவாக லட்சக்கணக்கில் செஷன் ஃபைல் எழுதி, ஐநோடு மொத்தத்தையும் தின்றுவிட்டது. ஐநோடைத் தேவைக்கேற்ப உண்டாக்கிக்கொள்கிற ஃபைல் சிஸ்டமும் உண்டு. எக்ஸ்எஃப்எஸ் என்று பெயர்.

பட்டர்எஃப்எஸ் கதை சின்னது. 2021ல் ஃபெடோரா கிளவுட் இமேஜ் அதற்கு மாறியது என்று படித்து நானும் மாறினேன். ரெட்ஹாட் 2019லேயே அதைக் கைகழுவியதைப் பிறகு படித்தேன். டிஸ்க் நிறைந்தபோது இருபது ஜிபி அழித்தேன், ஒரு எம்பிகூடத் திரும்பி வரவில்லை. நான் பெருமையாக அமைத்திருந்த தினசரி ஸ்னாப்ஷாட்டுகள் அத்தனையையும் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்தன.

இப்போதெல்லாம் டிஸ்ட்ரோ தருகிற இமேஜைத் தொடுவதே இல்லை. "ஏண்ணே இதையே வெச்சிருக்கீங்க?" என்று புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான். "நிறைய பெஞ்ச்மார்க் பாத்துட்டுத்தான் தம்பி" என்றேன்.