ஒழுகல் ஆஜராகவில்லை!

மாண்பமை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும், ஒழுகும் வீட்டின் உரிமையாளன் பணிந்து எழுதிக்கொள்வது.

தாங்கள் நியமித்த வழக்கறிஞர் ஆணையரின் ஆய்வறிக்கை நேற்று என் கைக்கு வந்தது. ‘ஆய்வு நாளன்று மேற்கூரையில் நீர்க்கசிவு ஏதும் காணப்படவில்லை’ என்று மணிமணியாக எழுதியிருக்கிறார். ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது. அவர் வந்தது கத்திரி வெயிலில், உச்சிப் பொழுதில். உடன் வந்த பொறியாளர் அண்ணாந்து பார்த்தார், சுவரை விரலால் தட்டினார், மோர் குடித்தார். ஒழுகலைக் காணோம். இருவருக்கும் கட்டணம் கட்டியவன் நான். என் வீடு ஒழுகவில்லை என்பதற்கு என் காசிலேயே சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அறிக்கையின் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதையும் ஆவணமாகக் குறியீடு செய்ய வழியிருந்தால் செய்திருப்பேன்.

ஒழுகலின் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு அழைப்பாணை போகவில்லை போலிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வந்திருந்தால் அது எல்லோருக்கும் முன்பாக ஆஜராகியிருக்கும். சொல்லப்போனால் இந்த வழக்கில் வாய்தா கேட்காத ஒரே தரப்பு மழைதான். ‘சீனியர் மேகம் வங்கக் கடலில் இருக்கிறது, அடுத்த வாரம் வரும்’ என்று சொல்லி ஜூனியர் தூறலை அது ஒருநாளும் அனுப்பியதில்லை. எதிர்த்தரப்பில் அப்படியா? சீனியர் உயர் நீதிமன்றத்தில் இருக்கிறார், சீனியருக்குக் காய்ச்சல், சீனியர் வீட்டில் விசேஷம்.

வீட்டைக் கட்டித் தந்த ஒப்பந்தக்காரரை நான் குறைசொல்ல மாட்டேன். அவருடைய விசிட்டிங் கார்டில் ‘பொதுப்பணித் துறையில் பதிவு பெற்ற முதல் வகுப்பு ஒப்பந்தக்காரர்’ என்று அச்சடித்திருந்தது. அரசாங்கமே பதிவு செய்த ஆளாயிற்றே என்று வீட்டில் எல்லோரும் குளிர்ந்துபோனோம். அந்தப் பதிவு அரசு டெண்டர் எடுப்பதற்கு மட்டும்தான் என்பதை யாரும் சொல்லவில்லை. உரிமம் இல்லாமல் மொபெட் ஓட்டினால் மடக்கிப் பிடிக்கிற ஊரில், தனியார் வீடு கட்டித் தருவதற்கு மேஸ்திரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் எந்த உரிமமும் தேவையில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கியிருந்தாலாவது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் கட்டுமானக் குறைகளுக்கு 5 ஆண்டுப் பொறுப்பை விற்றவர் தலையில் கட்டியிருக்கும். சொந்த மனையில் சொந்தக் கூரை வேண்டும் என்று ஆசைப்பட்டவனுக்குத் தங்கள் படிதான் கதி.

கூரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மழைநீர்க் குழாய் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. மாடியின் வாட்டம் தென்மேற்கைப் பார்க்கிறது. வந்த மழைக்குப் போக வழியில்லாமல் மாடியிலேயே குடியிருந்து, பிறகு கீழே இறங்கி எங்களோடு குடியிருக்கிறது. வெதரிங் கோர்ஸ் போட்டதாகப் பில்லில் இருக்கிறது, மாடியில் இல்லை. கான்கிரீட் போட்டபின் குறைந்தது 7 நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 தரவிதி. ஒப்பந்தக்காரர் 2 நாள் சாக்கு நனைத்துப் போட்டுவிட்டு, “இப்ப வர்ற சிமென்ட் எல்லாம் சீக்கிரமே செட் ஆயிடும் சார்” என்றார். சிமென்ட் செட் ஆனதோ இல்லையோ, மழை செட் ஆகிவிட்டது.

அவருடைய எழுத்துப்பூர்வ பதிலைத் தாங்களும் ரசித்திருப்பீர்கள். பதிலுக்கு 30 நாள், கெஞ்சினால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. பூச்சு வேலைக்கு ஒருநாளும் சொன்ன தேதியில் வராத மனிதர், இந்தக் கெடுவின் கடைசி நாளில் கச்சிதமாகத் தாக்கல் செய்தார். அதில் இரண்டு வாதங்கள். ஒன்று, பெய்தது வரலாறு காணாத மழை, ஆகவே குற்றவாளி மழை. (அதுதான் தவறாமல் ஆஜராகிறதே, குறுக்கு விசாரணை செய்யலாமே!) இரண்டு, இது சிவில் ஒப்பந்தம், நான் நுகர்வோரே அல்ல. வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-இலேயே தீர்த்துவைத்தாயிற்று. இருந்தாலும் அதற்கொரு வாதம், அந்த வாதத்துக்கு ஒரு வாய்தா.

தங்கள் பரிவை நான் மறக்கவில்லை. 28 லட்சம் ரூபாய் கொடுத்துக் கட்டிய வீட்டுக்குத் தாங்கள் வாங்கிய மனுக்கட்டணம் வெறும் 1,000 ரூபாய். இவ்வளவு மலிவாக இவ்வளவு காலம் உட்கார்ந்திருக்க வேறெங்கும் பெஞ்சு கிடைக்காது. டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் நாளில் விழித்தெழச் சொல்லிப் பேரணியும் நடக்கிறது. எங்கள் வீட்டில் நாங்கள் முழு விழிப்புடன்தான் இருக்கிறோம் ஐயா. கட்டிலுக்கு மேல் சொட்டும்போது தூங்கவா முடியும்?

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது. போதிய காரணம் இல்லாமல் வாய்தா கூடாது, காரணத்தை எழுதி வைக்க வேண்டும், வாய்தாவுக்கான செலவு பற்றி உத்தரவு போட வேண்டும் என்கிறது. இதில் எது நடந்தது? என் அம்மா படுக்கும் அறையில் சுவிட்ச் போர்டுக்குள் தண்ணீர் இறங்கி ஷாக் அடிக்கிறது. 80 வயதுக் கிழவி இருட்டில் தட்டுத்தடுமாறி நடக்கிறாள். கூரையில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு பெயர்ந்து விழுகிறது. வங்கி மாதம் பிறந்தால் தவணையைப் பிடித்துக்கொள்கிறது, அதற்கு வாய்தா கிடையாது. “அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன் சார்” என்று ஒப்பந்தக்காரர் வாயால் சொன்னதைத் தாங்கள் முத்திரை குத்திச் சொல்கிறீர்கள். அவரிடமிருந்து தப்பித்துத்தானே இங்கே வந்தேன்?

மன்னிக்க வேண்டும். ஓதம் ஏறிய சுவர் போல மனமும் இடையிடையே உதிர்ந்துவிடுகிறது. உறுப்பினர் பணியிடங்களைக் காலியாகப் போட்டுவைத்தது தாங்கள் அல்ல, அரசுகள்தான். அதற்காக 2021-இல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. இருக்கிற இருக்கையில் இருக்கிற பொறுமையோடு தாங்கள் செய்வது பெருந்தொண்டு. நாளை தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தாலும், 45 நாளுக்குள் பாதித் தொகையைக் கட்டிவிட்டு ஒப்பந்தக்காரர் சென்னையிலுள்ள மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். போகட்டும். சென்னையில் மழை ஆஜராகுமா என்ற சந்தேகம் மட்டும் யாருக்கும் வராது.

ஆகவே கனிவுடன் பரிசீலிக்க என் வேண்டுகோள்கள் மூன்று.

முதலாவது, மறு ஆய்வு. மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம். மழைநீர்க் குழாயை அடைத்து, மாடியில் கரை கட்டி, தண்ணீர் தேக்கி ஒரு நாள் விட்டால் எந்த மேஸ்திரிக்கும் விடை தெரிந்துவிடும். தண்ணீர் லாரிக்கு நானே பணம் தருகிறேன், மோரும் தருகிறேன்.

இரண்டாவது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் அதைக் கேட்டவரிடமிருந்து செலவுத்தொகை.

மூன்றாவது, வாய்தா கொடுத்த காரணத்தைச் சட்டம் சொன்னபடி எழுத்தில். ‘கேட்டார்கள், கொடுத்தோம்’ என்பதுதான் காரணம் என்றால் அதையே எழுதி, அடியில் கையெழுத்திட்டு, எனக்கொரு நகல் கொடுங்கள். மேல்முறையீட்டில் அதுதான் எனக்கு முதல் ஆவணம்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்
மனுதாரர்