மங்கி கேப் மகாத்மியம்

மோதி பாக், புது டில்லி

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், மூக்கைத் தவிர.

கும்பகோணத்து மார்கழிப் பனியெல்லாம் டில்லிக்காரர்களுக்கு வசந்த காலம். பக்கத்துச் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1935 ஜனவரி 16 அன்று மைனஸ் 0.6 டிகிரி பதிவானது. 2019 டிசம்பர் 30 அன்று அதிகபட்சமே 9.4 டிகிரிதான். இந்தக் குளிரில் குவார்ட்டர்ஸ்வாசிகள் மங்கி கேப்புக்குள் புகுந்துவிட்டால், எதிரே வருவது செக்‌ஷன் ஆபீசரா, பால்காரரா என்பது தும்மலை வைத்துத்தான் தெரியும். குளியல் பற்றிய கோப்பு ஞாயிற்றுக்கிழமை வரை நிலுவையில் இருக்கும்.

"ஈரத் தலையோடு நிற்காதே, ஜலதோஷம் பிடிக்கும்" என்ற உங்கள் சட்டம் இங்கேயும் அமலில் இருக்கிறது. அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மாள் அதையே இந்தியில் அதட்டுகிறார்.

இதை வெள்ளைக்காரர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1946-ல் ஜலதோஷத்துக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். தாமாக முன்வந்தவர்களை வெந்நீரில் குளிக்கவைத்து, ஈர உடையோடு காற்று வீசும் நடையில் நிறுத்தி, பிறகு ஈரக் காலுறையையும் மாட்டிவிட்டார்கள். வைரஸ் கொடுக்காமல் குளிரை மட்டும் கொடுத்தவர்களுக்குச் சளியே பிடிக்கவில்லை.

ஆக, பெரியம்மா கட்சி தோற்றதா? அவசரப்படக் கூடாது. 2005-ல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் 90 பேரை 20 நிமிடம் குளிர்ந்த நீரில் கால் வைக்கச் சொன்னார்கள். அடுத்த சில நாளில் 13 பேர் ஜலதோஷம் என்றார்கள். வெறும் பாத்திரத்தில் கால் வைத்த 90 பேரில் 5 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். கால் குளிர்ந்தால் மூக்கின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ஏற்கெனவே உள்ளே ஒளிந்திருக்கும் கிருமி தலைதூக்குகிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம். சளி வைரஸ் 37 டிகிரியைவிட மூக்கின் 33 டிகிரியில் நன்றாகப் பெருகுகிறது என்று யேல் பல்கலைக்கழகமும் பின்னர் கண்டது.

ஆக, குளிர் உடந்தைதான், குற்றவாளி வைரஸ். ஜன்னலை அடைத்து, ஒரே ரஜாய்க்குள் (பஞ்சுப் போர்வைக்குள்) நாலு பேர் முடங்கினால் அதற்கு வேலை சுலபம்.

வேடிக்கை என்னவென்றால், டில்லியில் ஃப்ளூ உச்சத்துக்குப் போவது ஜனவரியில் அல்ல, ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில். சென்னையில் அது ஐப்பசி, கார்த்திகை அடைமழையோடு வருகிறது. டில்லியின் குளிர்கால இருமலில் பெரும் பங்கு புகைக்கு. குளிர்ந்த காற்று மேலே எழும்பாமல் வண்டிப் புகையையும் வைக்கோல் எரித்த புகையையும் தரையோடு அமுக்கிவைக்கிறது. அதைத் தடுக்க மங்கி கேப்பால் ஆகாது.

ஜனவரியில் பெரியப்பா வருகிறாராமே? ஸ்வெட்டர், மஃப்ளர், சுக்குப் பொடி எல்லாம் கொண்டுவரட்டும். கை கழுவும் வழக்கத்தையும் மறக்காமல் கொண்டுவரட்டும். ஆனால் குளிருக்கு இதமென்று மூடிய அறையில் கரி அங்கீட்டியை (கணப்புச் சட்டியை) மட்டும் மூட்ட வேண்டாம். ஜலதோஷம் ஒரு வாரத்தில் போய்விடும், அந்தக் கரி கக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொண்டுபோய்விடும்.