விட்ட குறை, தொட்ட குறை

கேள்வி: பிழை மலிந்து கிடந்ததால் சைபர்பங்க் 2077 விளையாட்டைப் பாதியில் விட்டேன். இப்போது திருத்திவிட்டார்களாம். விட்டதை மறுபடி தொடலாமா?
*வாசகர், உட்துறைமுக வீதி, திருகோணமலை*

பதில்: திருமலைக்காரர் கேட்கிற கேள்வியா இது? 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலை விடாமல் 1963இல் குடமுழுக்குக் கண்ட ஊரல்லவா உங்களுடையது! இந்த விளையாட்டுக்கு மூன்றே ஆண்டுதான்.

2020 டிசம்பரில் வெளியான வேகத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே தூக்கியது. வாங்கியவர்களுக்குக் காசையும் திருப்பிக் கொடுத்தது. அரைவேக்காட்டை விற்றது பெருந்தவறுதான். ஆனால் 2023 செப்டம்பரில் வந்த 2.0 பதிப்பு வெறும் ஒட்டுப்போடல் அல்ல. முன்பு விளையாட்டுக்குள் குற்றம் செய்தால் முதுகுக்குப் பின்னால் பொலிஸ் திடீரென முளைக்கும். இப்போது வாகனத்தில் துரத்தி வருகிறது. தாராளமாகத் தொடுங்கள். பழைய சேமிப்பிலிருந்து வேண்டாம், முதலிலிருந்தே.